காடிச் சாவியில் எது கெட்டது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

இன்றைய காடிச் சாவிக்குள் மூன்று தனித்தனிச் சாமான்கள் இருக்கின்றன: பூட்டைத் திருப்பும் இரும்பு, கதவைத் திறக்கும் ரிமோட், எஞ்சினுக்கு அனுமதி வாங்கித் தரும் சிப். பினாங்கு, பிறையில் இருக்கும் என் சாவிக் கடைக்கு வருகிறவர்கள் "அக்கா, சாவி கெட்டுப்போச்சு, புதுசு போடுங்க" என்றுதான் சொல்வார்கள். பார்த்தால் மூன்றில் ஒன்றுதான் போயிருக்கும். எது என்று வீட்டிலேயே தெரிந்துகொண்டு வந்தால் வீண் செலவு மிச்சம்.

முதலில் சிப். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக, கண்ணாடிக் குழாயாகவோ கறுப்புக் கட்டியாகவோ சாவித் தலையின் மூலையில் உட்கார்ந்திருக்கும். இதற்குப் பேட்டரி தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் வளையம் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். சிப் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சில சென்டிமீட்டருக்கு மேல் இது எட்டாது. அடுத்து காடி ஓர் எண்ணை அனுப்பும், ஒவ்வொரு தடவையும் வேறு எண். தனக்குள் இருக்கும் இரகசியக் குறியீட்டை வைத்துச் சிப் ஒரு கணக்குப் போட்டு விடை சொல்லும். காடியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் எஞ்சின் ஓட அனுமதி. இந்த ஏற்பாட்டுக்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர்.

ஆகவே இரும்பை மட்டும் அச்சு அசலாக வெட்டினால் கதவு திறக்கும், ஸ்டேரிங் விடும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. சில காடிகள் ஓரிரு விநாடி ஓடி அணையும். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகா காடியில் சிப் இல்லை, அதற்கு இரும்பு போதும்.

இப்போது சோதனை. ரிமோட் கதவைத் திறக்கவில்லை, ஆனால் காடி ஸ்டார்ட் ஆகிறது என்றால் சிப் நன்றாக இருக்கிறது. ரிமோட்டின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பல சாவிகளில் சிஆர் 2032தான் இருக்கும், திறந்து எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ரிமோட் திறக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை, டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ விடாமல் மின்னுகிறது என்றால் சிப்பைக் காடி படிக்கவில்லை. (நிறுத்தி வைத்த காடியில் அந்த விளக்கு மின்னுவது சாதாரணம், பயப்படாதீர்கள்.) திருப்பினால் 'டிக் டிக்' சத்தம், விளக்கெல்லாம் மங்குகிறது என்றால் காடியின் பேட்டரியைப் பாருங்கள், சாவியைக் குறை சொல்லாதீர்கள்.

சிப் படிக்கவில்லை என்றதும் கடைக்கு ஓடிவர வேண்டாம். கொத்தில் இருக்கும் மற்ற சாவிகளையும் கொண்டோமினியம் (அடுக்குமாடி) வாசல் டேக்கையும் கழற்றிவிட்டு, இந்தச் சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். பல கொண்டோக்களின் டேக்குகள் அதே 125 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்பவை; துவாரத்துக்குப் பக்கத்தில் தொங்கினால் சிப்பின் பதிலைக் குழப்பக்கூடும். பிறகு இரண்டாவது சாவியால் முயலுங்கள். அதற்கு ஸ்டார்ட் ஆனால் முதல் சாவியின் சிப்பில் கோளாறு. இரண்டுக்குமே ஆகவில்லை என்றால் வளையத்தையோ வயரிங்கையோ பார்க்க வேண்டும்.

பத்து பெரிங்கியில் சாவியோடு கடலில் இறங்கியவர்கள் ரிமோட் செத்துவிட்டது என்று வருவார்கள். உப்புத் தண்ணீர் பட்டால் ரிமோட் போர்டு அரித்துப்போகும். கண்ணாடிக்குள் மூடிய சிப் பெரும்பாலும் தப்பிவிடும். எஞ்சின் வழக்கம்போல் எடுக்கும். ரிமோட்டை மட்டும் சரிசெய்தால் போதும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். உடைந்த கேசிங்கை மாற்ற ஆன்லைனில் புதிது வாங்குகிறீர்கள், நல்லது. போர்டையும் பேட்டரியையும் மாற்றி வைத்துவிட்டு, சிப் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கேசிங்கைக் குப்பையில் போட்டுவிடுகிறீர்கள். பல சாவிகளில் சிப் போர்டோடு சேர்ந்திருக்காது. காடி ஸ்டார்ட் ஆகி, இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடும்வரை பழைய கேசிங்கைப் பத்திரமாக வையுங்கள்.

பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் காடியில் சாவியின் பேட்டரி தீர்ந்துபோனால், உள்ளே மறைந்திருக்கும் சிறிய இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்தபடி சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப்பிடித்து அழுத்துங்கள். சில காடிகளில் அந்த இடம் வேறாக இருக்கும், கையேட்டில் போட்டிருப்பார்கள். அங்கேயும் வேலை செய்வது பேட்டரியில்லாத அதே முறைதான்.

இந்த வகைக்கு ஒரு பலவீனம் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை ஒருவன் கருவியால் வாங்கி, காடிக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொருவனுக்கு நீட்டிவிட முடியும். சாவி பக்கத்தில் இருப்பதாகக் காடி நம்பிவிடும். வாசல் ஓரம் சாவியை மாட்டாதீர்கள், மூடியுள்ள உலோக டப்பாவில் வையுங்கள். டப்பா தடுக்கிறதா என்று சோதியுங்கள்: சாவியை உள்ளே போட்டு மூடி, கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கைப்பிடிப் பட்டனை அழுத்துங்கள். கதவு திறந்தால் அந்த டப்பா உதவாது. இரவில் ஸ்டேரிங் லாக் போடுவதையும் விடாதீர்கள்.

தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயில் கூட்டத்துக்குள், கையில் இருந்த ஒரே சாவியைத் தொலைத்துவிட்டு, களைத்த பிள்ளைகளோடு காடிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்றைக் காடியில் பதிவது பெரும்பாலும் சுலபமான வேலை. ஒன்றுமே இல்லை என்றால் சில காடிகளை இழுத்துப் போய் இசியுவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) கழற்ற வேண்டிவரும். இரண்டாவது சாவியை இந்த மாதமே செய்துகொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் காடி வாங்கியவர்கள், பழைய பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டு உங்கள் கையில் உள்ள சாவிகளை மட்டும் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். அதற்கு எல்லாச் சாவிகளும் ஒரே நேரத்தில் வேண்டும். வீட்டில் விட்டுவந்த சாவியால் அதன்பின் எஞ்சின் எடுக்காது. காடியின் கெரானும் (உரிமைப் பத்திரம்) உங்கள் ஐசியும் (அடையாள அட்டை) கொண்டுவாருங்கள். அவற்றைக் கேட்காமல் சாவி செய்து தருகிற கடை, உங்கள் காடிக்கும் யாரோ ஒருவருக்குச் சாவி செய்து கொடுக்கும்.