போட்டின் வாலை வெட்டுவோம்: ரைமிங் சொற்களை வைத்து ஆங்கிலம் பழக ஒரு செய்முறை

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்தில் ஆங்கிலச் சொல் தெரியாதவர் யாரும் இல்லை. போட்டு (படகு), ஐசு, டீசல், டோக்கன், லோடு, வேன் என்று பள்ளிக்கூடம் பக்கமே ஒதுங்காத அப்பத்தாக்கள்கூட நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் ஆங்கிலம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பாடப் புத்தகத்தைத் திறந்ததும் பிள்ளைகளுக்கு வாய் அடைத்துப்போகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மொத்தம் 61 நாள். பள்ளி விடுமுறையும் அதற்குள்ளேயே வந்துவிடும். அப்பாக்கள் கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். அந்த நாட்களில் இலக்கணத்தை நான் தொடுவதே கிடையாது. ரைமிங் சொற்கள் மட்டும்தான். ஒரு சொல் கையில் இருந்தால், அதே ஓசையில் முடியும் பத்துச் சொல் கூடவே வரும். பிள்ளைக்குச் சொல்லித்தர நினைக்கிறவர்களும், இந்த வயதில் ஆரம்பிக்கலாமா என்று தயங்குகிறவர்களும் இதை அப்படியே செய்து பார்க்கலாம்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் ஆங்கில எழுத்தே வராது. வேண்டுமென்றேதான் அப்படி எழுதுகிறேன். ரைம் காதுக்கான சமாச்சாரம். எழுத்தைக் காட்டினால் கண் குறுக்கே வந்து கெடுத்துவிடும். எழுத்து தெரிந்தே ஆகவேண்டிய இடத்தில் அதன் பெயரைச் சொல்கிறேன்.

ரைம் என்றால் என்ன?

‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்கிறோம். ஆ, அ என்று சொல்லின் தலை ஒத்துப்போகிறது. அது மோனை. ‘அடியாத மாடு படியாது’ என்பதில் அடி, படி என்று இரண்டாம் எழுத்து ஒத்துப்போகிறது. அது எதுகை. சொல்லோ அடியோ முடியும் இடத்தில் ஓசை ஒத்து வந்தால் இயைபு. நம் காது முதல் இரண்டிலும் ஊறிப்போனது. ஆங்கிலத்தின் ரைம் மூன்றாவதற்குச் சொந்தக்காரன்.

கணக்கு இவ்வளவுதான்: சொல்லில் எந்த உயிரோசையை அழுத்திச் சொல்கிறோமோ, அங்கிருந்து கடைசி வரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்கு முன்னால் நிற்கும் ஓசை மட்டும் மாற வேண்டும். போட், நோட் இரண்டிலும் ‘ஓட்’ அப்படியே இருக்கிறது. முன்னால் ஒன்றில் ப், இன்னொன்றில் ந். அதனால் ஜோடி.

படி 1: வாலை வெட்டுங்கள்

மற்ற படிகளை அரைகுறையாகச் செய்தாலும் பரவாயில்லை, இதை விடாதீர்கள்.

தமிழில் எந்தச் சொல்லும் க், ச், ட், ப் மாதிரியான வல்லின மெய்யில் முடியாது. அதனால் நம் நாக்கு தானாகவே ஓர் உகரத்தைக் கொண்டுவந்து முட்டுக்கொடுக்கிறது. போட்டு, நோட்டு, நெட்டு, ஐசு எல்லாம் அப்படி வந்தவைதான். தமிழ் பேசும்போது இதில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலம் பேசும்போது அந்த வாலை வெட்ட வேண்டும்.

ஐஸ் பெட்டியின் மூடியை ‘டப்’ என்று மூடுவோமே, அந்த மாதிரி ‘போட்’ என்று நிறுத்துங்கள். நாக்கு மேலே ஒட்டியதும் வாய் அங்கேயே நிற்கட்டும். பிள்ளைகளைக் கையில் ஏதாவது ஒரு டப்பா மூடியை வைத்துக்கொள்ளச் சொல்வேன். சொல் முடியும்போது மூடியும் மூட வேண்டும். மூடிய பிறகு சத்தம் வந்தால் அவுட். இரண்டு நாளில் பழகிவிடும். தெருவே டப்டப்பென்று இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

படி 2: ஒரு முடிவை எடுத்து எழுத்துகளை ஓட விடுங்கள்

‘நெட்’ என்பதை எடுத்துக்கொள்வோம். வலை. முன்னால் இருக்கும் ந்-ஐத் தூக்கிவிட்டால் மிச்சம் ‘எட்’. இப்போது ஏ, பி, சி, டி வரிசையில் ஒவ்வோர் எழுத்தாக முன்னால் வைத்துப் பாருங்கள். ஜி வைத்தால் கெட், பெறு. ஜே வைத்தால் ஜெட், வேகமாகப் பாயும் விமானம். எல் வைத்தால் லெட், விடு. எம் வைத்தால் மெட், சந்தித்தேன். எஸ் வைத்தால் செட், ஒரு தொகுதி. ஒய் வைத்தால் யெட், இன்னும். எஃப் வைத்தால் ஃபெட், அப்படி ஒரு சொல் புழக்கத்தில் இல்லை, தூக்கிப் போடுங்கள். வலையை இழுத்தால் வேண்டியதும் வேண்டாததும் சேர்ந்துதானே வரும்.

இந்த ஓட்டத்தில் நமக்கு மட்டும் வருகிற தொல்லை ஒன்று உண்டு. ‘பெட்’ என்று தமிழில் எழுதினால் அது பந்தயமா, செல்லப்பிராணியா, படுக்கையா? மூன்றுக்கும் ஒரே எழுத்துதான் நம்மிடம். பந்தயத்துக்கு பஸ்ஸில் வருகிற ப. செல்லப்பிராணிக்குப் பாலில் வருகிற ப. இவை இரண்டும் நெட்டுக்கு ரைம். படுக்கை மட்டும் சேராது, ஏனென்றால் அது டீசலில் வருகிற ட-வில் முடிகிறது. நெட் முடிவது டீயில் வருகிற ட-வில். டீ, டீசல் என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள், நாக்குக்கே வித்தியாசம் தெரியும். ‘வெட்’டும் இப்படித்தான்: உதட்டைக் குவித்துச் சொன்னால் ஈரம், மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து வேன் மாதிரி சொன்னால் கால்நடை மருத்துவர்.

டி வைத்தால் என்ன வரும்? டெட், அதாவது கடன். இதை எழுதும்போது நடுவில் ஒரு பி உண்டு, வாயில் அது வராது. பிரெஞ்சிலிருந்து இந்தச் சொல் வந்தபோது பி இல்லை. லத்தீன் மூலச்சொல்லில் பி இருந்தது என்பதற்காகப் படித்தவர்கள் பிற்பாடு செருகினார்கள். எழுதுகிற கை ஏற்றுக்கொண்டது, பேசுகிற வாய் ஏற்கவில்லை. இதை நான் சொன்னபோது, திண்ணையோரம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஓர் அப்பத்தா, “வலைக்குக் கூடவே கடன் வரும்னு நாங்க எப்பவோ படிச்சுட்டோம். கண்ணுக்குத் தெரியாம உள்ள ஒண்ணு இருக்கும்னும் தெரியும்” என்றார். அந்த ஜோடியைப் பிள்ளைகள் இன்றுவரை மறக்கவில்லை.

படி 3: இரண்டு சொல்லை ஒரே வாக்கியத்தில் கட்டுங்கள்

பட்டியலாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரம்கூடத் தங்காது. ஒரே ஓசையில் முடியும் சொற்களெல்லாம் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்திலிருந்து இரண்டு சொல்லை எடுத்து, தனக்குத் தெரிந்த விஷயத்தில் வைத்துக் கட்ட வேண்டும்.

ஐஸ் குடும்பத்தைப் பாருங்கள். ரைஸ் (அரிசி, சோறு), ப்ரைஸ் (விலை), நைஸ் (நல்ல), மைஸ் (எலிகள்), ட்வைஸ் (இருமுறை), ஸ்லைஸ் (துண்டு), ஸ்பைஸ் (மசாலா). ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் யோசிக்கவே இல்லை, “நோ ஐஸ், நோ ப்ரைஸ்” என்றான். ஐஸ் இல்லாவிட்டால் விலை இல்லை. ஏலத்துக்கு மீன் கொண்டுபோகிற வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாக்கியத்தை நான் எழுதிக்கொடுக்க முடியாது.

அதே பையன் அடுத்ததாக ‘பரிசு’ என்று பொருள்படும் ப்ரைஸைக் கொண்டுவந்தான். அங்கே நிறுத்தினேன். விலைக்குக் கடைசியில் பாம்பு சீறுகிற சத்தம். பரிசுக்குக் கடைசியில் ஈ மொய்க்கிற சத்தம். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லுங்கள்: ஈ சத்தத்துக்குத் தொண்டை அதிரும், பாம்புக்கு அதிராது. அதனால் பரிசு இந்தக் குடும்பம் இல்லை. எழு, உயர் என்று பொருள்படும் ‘ரைஸ்’ஸும் பரிசு கட்சிதான், சோற்றுக் கட்சி இல்லை.

இன்னொரு பக்கம், போலீஸ், ஆஃபிஸ், நோட்டிஸ் மூன்றும் எழுத்தில் ஐ-சி-ஈ என்றே முடிகின்றன. ஓசை எங்கேயோ போகிறது. இதிலிருந்து அடுத்த படிக்குப் போகலாம்.

படி 4: கண்ணை நம்பாதீர்கள்

போட் குடும்பத்தில் கோட் (சட்டைக்கு மேலே போடுவது), இன்னொரு கோட் (ஆடு, கேஸ் சிலிண்டரில் வருகிற க), ஃப்ளோட் (மித), த்ரோட் (தொண்டை) எல்லாம் ஒரே மாதிரி எழுதுகிறவை. நோட்டும் வோட்டும் வேறு மாதிரி எழுதுகிறவை, ஆனாலும் அதே குடும்பம். ‘எழுதினான்’ என்று பொருள்படும் ரோட் சொல்லாத ஒரு டபிள்யூவைத் தலையில் சுமந்துகொண்டு வந்து உட்காரும். அதுவும் சொந்தம்தான்.

தலைகீழாகவும் நடக்கும். கடல் ‘ரஃப்’பாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். கொந்தளிப்பு. எழுத்தில் அது ஓ-யூ-ஜி-ஹெச் என்று முடியும். டஃப் (கடினம்), இனஃப் (போதும்) இரண்டும் அப்படியே எழுதி அப்படியே ஒலிக்கும். ஆனால் அதே நாலெழுத்தில் முடியும் இருமல் ‘காஃப்’, ‘வழியாக’ என்பது ‘த்ரூ’, ‘ஆனாலும்’ என்பது ‘தோ’. நாலு எழுத்து, நாலு ஓசை. அதே சமயம் எழுத்தில் ஒட்டே இல்லாத ஸ்டஃப் வந்து ரஃப்போடு பொருந்திக்கொள்ளும். இதற்கு விதி தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுகிற நாளில் இன்னொன்று சொல்லித்தருவேன். புயல் ‘ஸ்டார்ம்’. வெதுவெதுப்பு ‘வார்ம்’. எழுத்தில் ஒன்றில் ஓ, ஒன்றில் ஏ, ஆனாலும் ரைம். புழு என்ற சொல் எழுத்தில் புயலைப் போலவே ஓ-ஆர்-எம் என்று முடிகிறது, ஆனால் ஓசை ‘கேர்ள்’ என்னும்போது வருகிற ஓசை. புழுவையும் வார்ம் என்று சொல்லி நம்மில் பாதிப்பேர் வெதுவெதுப்பாக்கிவிடுகிறோம். நானும் கல்லூரி முடிக்கும் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படி 5: நீளச் சொல்லில் அழுத்தம் எங்கே என்று பாருங்கள்

சேண்ட் (மணல்), ஹேண்ட் (கை), ஸ்டேண்ட் (நில்), லேண்ட் (நிலம்) ஒரே குடும்பம். நாம் இருப்பது தீவு, ஐலண்ட். எழுத்தில் நிலம் அதற்குள்ளேயே இருக்கிறது, ஆனால் குடும்பத்தில் சேராது. அழுத்தம் தலையில், ‘ஐ’ மேல் விழுவதால் வால் தேய்ந்துபோகிறது. அதில் சொல்லாத எஸ் ஒன்றும் உண்டு. லத்தீன் வழி வந்த வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு நுழைத்த எழுத்து, கடனுக்குச் செருகிய பி-யின் பங்காளி.

மான்சூன் அப்படி இல்லை. அழுத்தம் கடைசியில், ‘சூன்’ மேல். அதனால் மூன் (நிலா), நூன் (நண்பகல்), ஸ்பூன், லகூன் (காயல்), ஜூன் எல்லாம் அதற்கு ரைம். பருவம் என்று பொருள்படும் அரபிச் சொல்லிலிருந்து வந்தது இது. ஜூனும் மான்சூனும் ஓசையில் ஜோடி, ஆனால் ராமநாதபுரம் கரையில் ஜோடி சேராது. நமக்கு மழை அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான்.

ஓஷன் (பெருங்கடல்), மோஷன் (அசைவு), லோஷன். வாட்டர், டாட்டர் (தண்ணீர், மகள்). இவற்றைச் சும்மா சொல்லிப் பாருங்கள் போதும்.

கேட்டமரேன் என்ற சொல்லை மட்டும் தாண்டிப் போக மனம் வராது. நம் கட்டுமரம்தான் அது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது. ஆங்கிலத்தில் அழுத்தம் கடைசி அசைக்குப் போய்விட்டதால் மேன், கேன், வேன் எல்லாம் அதற்கு ரைம். “எங்க பூட்டன் ஏறுன மரத்துக்கு ஐஸ் வேன் ஜோடியா டீச்சர்?” என்று ஒரு பெண் கேட்டு, திண்ணையே சிரித்தது.

படி 6: தினமும் ஒன்று, ஒன்றே ஒன்று

ஒரு நாளைக்கு ஒரு குடும்பம். காலையில் வாயால் மட்டும், மத்தியானம் பொருளோடு, சாயங்காலம் ஒரு வாக்கியம். நோட்டில் எழுதுவது கடைசியில்தான். எழுதும்போது இடது பக்கம் ஒரே மாதிரி எழுத்து உள்ளவை, வலது பக்கம் ஏமாற்றுகிறவை. வலது பக்கம் பெருகப் பெருகக் காது தேறிவருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆரஞ்சு மாதிரி ஜோடியே கிடைக்காத சொல் வந்து மாட்டினால் விட்டுவிடுங்கள், ஆங்கிலேயருக்கே கிடைக்கவில்லை.

நாளைக்கு லிஃப்ட் குடும்பம். 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்ததிலிருந்து, நடுவில் தூக்குகிற பாகத்தை வைத்து இந்தச் சொல் எங்கள் பிள்ளைகளுக்கு அத்துப்படி. நாலு சொல் தருகிறேன்: கிஃப்ட், ஷிஃப்ட், ஸ்விஃப்ட், ட்ரிஃப்ட். முதல் மூன்றுக்கும் அகராதியைப் பாருங்கள். நாலாவதற்குப் பொருள் வேண்டுமென்றால், நடுக்கடலில் இஞ்சின் நின்றுபோன போட்டில் இருந்தவர் யாரையாவது கேளுங்கள்.