மலைப்பகுதியில் ஹாம் செட் பேச இடம் பார்ப்பது எப்படி?

போடிநாயக்கனூர் பக்கம் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக உரிமம் பெற்றுப் பேசும் ரேடியோ) பேசுகிறவன் நான். புதிதாக உரிமம் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட் செட் வாங்கலாம்?" என்றுதான். 5 வாட்டை 10 வாட் ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல் (சிக்னல் வலிமையை ஒப்பிடும் அளவு)தான். நிற்கிற இடத்தை மாற்றினால் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும்.

முதலில் உயரம். ஆண்டெனா உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குங்கள். சமவெளியில் அந்த ஆண்டெனாவின் ரேடியோ அடிவானம், அதாவது அலை நேராக எட்டும் தூரம், அத்தனை கிலோமீட்டர். எதிர்முனைக்கும் இப்படியே போட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். கையில் பிடித்த செட்டுக்கு சுமார் 5 கிலோமீட்டர். 100 மீட்டர் குன்றில் ஏறினால் 41. கொடைக்கானல் எஃப்.எம். இத்தனை மாவட்டங்களில் கேட்பதற்கு அந்த மலை உயரம்தான் முக்கியக் காரணம்.

அந்த நிலையத்தின் 100.5 மெகாஹெர்ட்ஸையே சோதனைக்கும் வைத்துக்கொள்ளலாம். சின்ன எஃப்.எம். ரேடியோவோடு நடந்து பாருங்கள். எங்கே இரைச்சல் கூடுகிறதோ, அங்கே கொடைக்கானல் திசையை ஏதோ மறைக்கிறது. ஹாம்கள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸும் அந்தத் திசையில் ஏறக்குறைய அப்படித்தான் திணறும்.

அப்புறம், மலையடியை ஒட்டி நிற்கவே கூடாது. முகட்டைத் தாண்டும் அலை கொஞ்சம்தான் கீழே வளையும். ஒட்டி நின்றால் அது செங்குத்தாக வளைந்து இறங்க வேண்டியிருக்கும். அரை கிலோமீட்டர் பின்னால் வந்தாலே வித்தியாசம் தெரியும். ஹாம்களின் இன்னொரு அலைவரிசையான 435 மெகாஹெர்ட்ஸைவிட 145 நன்றாக வளையும் என்பதால், முகடு குறுக்கே இருந்தால் 145-தான் என் தேர்வு. எதிர்முனை கண்ணுக்குத் தெரிகிறதே என்று நம்பிவிடவும் வேண்டாம். 10 கிலோமீட்டர் தொடர்பில், 145-க்கு நடுவழியில் பார்வைக் கோட்டைச் சுற்றி சுமார் 70 மீட்டர் ஆரத்துக்கு இடைவெளி இருப்பது நல்லது. முகடு அந்தக் கோட்டை உரசி நின்றாலே சிக்னல் 6 டெசிபெல் குறையும்.

நேர்வழி அடைபட்டிருந்தால் யாகி ஆண்டெனாவை (ஒரே திசையில் குவித்து அனுப்பும் ஆண்டெனா) எதிர்ப்பக்கப் பாறைச் சரிவை நோக்கித் திருப்பிப் பாருங்கள். பட்டுத் திரும்பும் அலையிலேயே பலமுறை பேசியிருக்கிறேன். ஆனால் இரண்டு வழியில் வரும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கவும் செய்யும். குரல் திடீரென்று மங்கினால் அரை மீட்டர் நகருங்கள், சரியாகிவிடும்.

ஏலத்தோட்டங்களுக்குள் மழை ஓய்ந்ததும் 435 சட்டென்று மங்கும். மழையைவிட நனைந்த இலைகள்தான் அதை விழுங்குகின்றன. மரமில்லாத திட்டாகப் பார்த்து வந்து, செட்டை இடுப்பிலிருந்து எடுத்து, ஆண்டெனா செங்குத்தாக இருக்கும்படி முகத்துக்கு நேரே பிடித்துப் பேசுங்கள்.