“வேலை எப்படிண்ணே?” என்று கேட்டால் மட்டும் போதாது

சிலாங்கூர் மாநிலம் பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? தங்குமிடம், சிம் கார்டு, கடைச் சாப்பாடு எல்லாம் சீக்கிரம் பழகிவிடும். நம் வேலை தேறுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வதுதான் இழுபறி. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் 1917இல் இந்த வட்டாரத்துத் தென்னைமரம் எஸ்டேட்டில்தான் தொடங்கியது. ஆகவே தொழில் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் கேட்காமல் சொல்ல மாட்டார்கள். மொட்டையாகக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்.

“என் வேலை எப்படிண்ணே?” என்றால் “ஓகே லா தம்பி” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதைப் பாராட்டு என்று நம்பி ஊருக்குப் போன் போட்டுவிடாதீர்கள்.

பொருளைக் காட்டிக் கேளுங்கள். குலை அறுப்பவர் என்றால், அறுத்ததை அடுக்கி வைத்தபின் மண்டோர் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி) பார்க்க வருவார். ஒன்றைப் புரட்டிக் காட்டி, “அண்ணே, இதை இன்னும் ரெண்டு நாள் விட்டிருக்கணுமா? காம்பு நீளமா?” என்று கேளுங்கள். பதில் உடனே வரும். பழுக்காத குலையும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட காம்பும் ஆலையில் தரம் பார்க்கும்போது மாட்டிக்கொள்ளும். கடைசியில் அது அவர் தலையில்தான் விடியும். மரத்தடியில் எத்தனை பழம் உதிர்ந்திருந்தால் அறுக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்.

ஆபீஸ் வேலை என்றால் பெரிய கிராணியிடம் (தலைமை எழுத்தர்), “ஐயா, நேற்று நான் போட்ட செக்ரோலில் எதைத் திருத்தினீர்கள்?” என்று கேட்கலாம். செக்ரோல் என்பது ஆள் வருகையும் வேலையும் பதியும் பேரேடு. மலாய் மேலதிகாரியிடம் தாளை நீட்டி “மானா சாலா, போஸ்?” (எங்கே தப்பு, பாஸ்?) என்றால் போதும், விரல் வைத்துக் காட்டிவிடுவார்.

காலைப் பெரட்டில், அதாவது எல்லாரையும் கூட்டிப் பேர் கூப்பிடும் நேரத்தில், மட்டும் கேட்க வேண்டாம். அத்தனை பேர் முன்னால் குறை சொல்ல அவருக்கே கூச்சம். வாட்ஸ்அப் குழுவிலும் அதே கதைதான். நிறையப் பேச வேண்டியிருந்தால் சாயங்காலம் தே தாரிக் (ஆற்றிய பால் டீ) குடிக்கும் நேரம் பாருங்கள்.

குறை சொன்னால் “இல்லண்ணே, அது வந்து...” என்று இழுக்காதீர்கள். சரி என்று கேட்டுக்கொண்டு, மறுநாள் திருத்தியதைக் காட்டுங்கள். அடுத்த முறை அவரே கூப்பிட்டுச் சொல்வார்.

சம்பள வாரத்தில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். காசுக்கு அடிபோடுகிறான் என்று நினைப்பார்கள். சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வர வேண்டும். பிடித்தத்தில் சந்தேகம் இருந்தால் அது வேறு விஷயம்: மண்டோரை விட்டுவிட்டு, சம்பளச் சீட்டோடு நேரே ஆபீசுக்குப் போங்கள்.