விளையாட்டுக்கும் இசைக்கும் குறைந்த விலையில் ஒரே ஹெட்போன்

வீடியோ விளையாட்டு, இசை இரண்டுக்கும் ஒரே ஹெட்போன் வாங்க நினைப்பவர், பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘கேமிங்’ என்ற சொல்லையும் வண்ண விளக்குகளையும் பொருட்படுத்தாமல், வயர் வேண்டுமா வேண்டாமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். சாதாரண புளூடூத் இணைப்பில் ஒலி பெரும்பாலும் 100 முதல் 250 மில்லிநொடி வரை பிந்தி வருகிறது. பாட்டு கேட்கும்போது அது குறையாகத் தெரியாது. விளையாட்டிலோ, எதிரியின் காலடி ஓசை காதை எட்டுவதற்குள் அவர் முன்னால் வந்து நின்றுவிடுவார். ஆகவே, சிறிய தொகைக்குள் வாங்குவோருக்கு 3.5 மி.மீ. பின் கொண்ட வயர் ஹெட்போனே சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன். வயர் கூடவே கூடாது என்பவர்கள், யூஎஸ்பி டாங்கிளுடன் (கணினியில் செருகும் சிறு கருவி) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் வகையைத் தேடலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது இம்பீடன்ஸ், அதாவது ஓம் கணக்கில் சொல்லப்படும் ஹெட்போனின் மின்மறுப்பு. 16 முதல் 32 ஓம் வரையிலான பெரும்பாலான ஹெட்போன்கள் கைபேசியிலேயே போதிய சத்தம் தரும். 250 ஓம் ஸ்டுடியோ வகை மலிவாகக் கிடைத்தாலும், தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் பெரும்பாலும் மெலிந்தே ஒலிக்கும்.

சுற்றிலுமிருந்து ஒலி வருவதுபோல் கேட்கச் செய்யும் ‘7.1 சரவுண்ட்’ என்பதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். மலிவு விலை ஹெட்போன்களில் அது பெரும்பாலும் மென்பொருளின் வேலைதான். விண்டோஸ் 10 கணினியில் அதே வேலையைச் செய்யும் ‘விண்டோஸ் சோனிக்’ வசதி இலவசமாகவே உள்ளது.

மின்விசிறி ஓடும் அறையில், வெளிச்சத்தம் அதிகம் புகாதபடி காதுக்கிண்ணத்தின் வெளிப்புறம் மூடியிருக்கும் வகையே பொருந்தும். மேசைக் கணினியில் மைக்குக்குத் தனித் துளை இருந்தால், ஹெட்போனின் ஒற்றைப் பின்னை ஒலிக்கும் மைக்குக்குமாக இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டர் வயரும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். காது மெத்தையையும் வயரையும் கழற்றி மாற்ற முடிகிற மாடல், விலை சற்றே கூடுதலாக இருந்தாலும், நீண்ட காலம் உழைக்கும்.