பெட்ரோல் மாடல் விமானத்தில் இக்னிஷனும் ரேடியோவும் பொருத்துவது எப்படி

தொழிலில் நான் டூவீலர் மெக்கானிக், கடை வியாசர்பாடியில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாடல் விமானம். ஆர்.எக்ஸ் 100 வண்டியில் பொறிக்கான மின்சாரம் தருகிற சி.டி.ஐ யூனிட்டைக் கழற்றி மாட்டிப் பழகிய கைக்கு 20 சிசி மாடல் என்ஜினின் இக்னிஷன் புதிதே இல்லை. வண்டியில் பல்சர் காயில் செய்கிற வேலையை இங்கே ஹால் சென்சார் செய்கிறது. ப்ரொப்பெல்லர் ஹப்பில் பதித்த குட்டிக் காந்தம் அதைக் கடக்கும்போதெல்லாம் சிக்னல் போகும், சி.டி.ஐ மாதிரியான இக்னிஷன் மாட்யூல் பிளக்கில் பொறி விடும். வண்டியில் ரிசீவர் கிடையாது, இங்கே உண்டு; கையிலிருக்கிற டிரான்ஸ்மிட்டரின் கட்டளையை வாங்குவது அதுதான். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு பொறியும் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். ஆதிகால வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர்களே பொறியை வைத்துத்தான் ஓடின. ஆகவே இக்னிஷன் ஒரு குடித்தனம், ரேடியோ இன்னொரு குடித்தனம். பேட்டரி தனி, சுவிட்ச் தனி, ஒயர் போகிற வழியும் தனி.

“2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்தப்புறம் இதெல்லாம் எதுக்குண்ணே?” என்று பசங்க கேட்பார்கள். பழைய 72 மெகாஹெர்ட்ஸ் செட்டுகள் பட்ட பாடு இப்போது இல்லை என்பது உண்மை. ஆனால் இரைச்சல் ஆன்டெனா வழியாக மட்டும் வருவதில்லை. மடல்களையும் த்ராட்டிலையும் அசைக்கிற சர்வோ மோட்டார்களுக்குப் போகிற நீளமான ஒயர் ஒவ்வொன்றும் அதை இழுத்துக்கொண்டு வந்து ரிசீவரில் விடும். இக்னிஷனுக்கும் ரேடியோவுக்கும் நடுவே 30 செ.மீ. இடைவெளி என்ற பழைய கணக்கை நான் இன்றும் விடுவதில்லை. மாட்யூல், அதன் பேட்டரி, சுவிட்ச், பிளக் ஒயர் எல்லாம் ஃபயர்வாலை, அதாவது என்ஜின் மாட்டுகிற தடுப்புப் பலகையை, ஒட்டி முன்பக்கம். ரிசீவரும் அதன் பேட்டரியும் இறக்கைக்கு அடியில் அல்லது அதற்கும் பின்னால். ஒட்டுவதற்கு முன்பு எல்லாவற்றையும் டேப்பால் தற்காலிகமாக நிறுத்தி, விமானம் எடை சமமாக நிற்கிற புள்ளியை (சென்டர் ஆஃப் கிராவிட்டி) பாருங்கள். மூக்கில் ஈயம் வைப்பதைவிட பேட்டரியை நகர்த்துவது மேல்.

முதலில் மாட்யூல். என்ஜின் பெட்டியின் மேலேயோ பக்கவாட்டிலோ, சைலன்சர் சூடு படாத இடமாகப் பாருங்கள். அடியில் அரை அங்குல ஸ்பாஞ்ச், மேலே இரண்டு கேபிள் டை. இறுக்கிப் பிழியக் கூடாது, ஸ்பாஞ்ச் நசுங்கிவிட்டால் அதிர்வு நேராக மாட்யூலுக்குள் போய்விடும். சென்சார் ஒயரையும் பிளக் ஒயரையும் சேர்த்துக் கட்டாதீர்கள். ஃபயர்வாலில் ஒயர் நுழைகிற ஓட்டைக்கு ரப்பர் கிராமெட் (வளையம்) போடுங்கள். பிளைவுட் விளிம்பு இன்சுலேஷனை மெல்ல மெல்ல அறுத்துவிடும்.

இனி பிளக் கேப். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் என்னிடம் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் முடிகின்றன. நம் வண்டி பிளக் நம்பரில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு, அது இரைச்சலைக் குறைக்கும். இந்த என்ஜின்களில் வருகிற என்.ஜி.கே. சிஎம்-6 பிளக்கில் அந்த எழுத்து இல்லை. ஆகவே இரைச்சலை அடக்கும் பொறுப்பு ஒயர் மேல் பின்னியிருக்கிற உலோக வலையின் தலையில் விழுகிறது. அந்த வலை, கேப் வழியாக பிளக்கின் உடம்பைத் தொட்டு, என்ஜினோடு எர்த் ஆக வேண்டும்.

தண்டையார்பேட்டைப் பையன் ஒருவன் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அண்ணே, பாதி த்ராட்டில்ல எலிவேட்டர் துடிக்குது.” எலிவேட்டர் என்பது வாலில் இருக்கிற, மூக்கை ஏற்றி இறக்குகிற மடல். ரிசீவரை மாற்றிப் பார்த்தாயிற்றாம். கேப்பைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினேன். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் வளையம் ஒரு பக்கம் அகன்றிருந்தது, பிளக்கின் அறுகோணத்தில் ஓர் ஓரத்தில் மட்டும் கருப்புக் கோடு. அங்கேதான் எர்த் விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது. வளையத்தை நோஸ் பிளையரால் லேசாக நெருக்கி, கரியைத் துடைத்து, ‘டிக்’ என்று உட்காரும்வரை அழுத்தினோம். துடிப்பு நின்றுவிட்டது. கேப்பைக் கழற்றும்போது கேப்பைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். வலை அறுந்தால் இரைச்சலோடு போகாது, சென்சாரும் கெட வாய்ப்புண்டு.

இக்னிஷன் பேட்டரிக்கு எத்தனை வோல்ட் என்பது மாட்யூல் மேலேயே அச்சடித்திருக்கும். சில மாட்யூல்கள் 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, சில 8.4 வரை போகும். படிக்காமல் கொடுக்காதீர்கள். மாட்யூல் தாங்கும் என்றால், இரண்டு செல் லைஃப் (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, 6.6 வோல்ட், 1500 முதல் 2000 எம்.ஏ.ஹெச். வரை, நம் ஊர் வெயிலுக்கு எனக்குப் பிடித்தது.

சுவிட்ச், சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் நின்றபடியே கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். அதோடு ஆப்டிகல் கில் சுவிட்ச் ஒன்றும் கட்டாயம் போடுங்கள் என்பேன். ரிசீவரிலிருந்து வரும் கட்டளை அதில் ஒளியாகத்தான் கடந்து போகும், இரண்டு குடித்தனத்துக்கும் நடுவே செம்புத் தொடர்பே இருக்காது. தரையில் நின்றபடி ஒரு விரலில் என்ஜினை அணைக்கலாம்.

இரண்டு பக்கத்தையும் சேர்க்கிற இன்னொரு பாலம் த்ராட்டில் ராடு. அது கம்பியாக இருந்தால் இரைச்சல் நேராக சர்வோவுக்கு வந்து சேரும். நைலான் ராடு, கார்புரேட்டர் முனையில் நைலான் பால் லிங்க். கார்பன் ஃபைபரும் மின்சாரம் கடத்தும் என்பதை மறக்க வேண்டாம். உலோகத்தில் உலோகம் ஆடி உரசுகிற இணைப்பு எங்கே இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

ரேடியோ பக்கம் பயப்பட ஒன்றும் இல்லை. ரிசீவரை ஸ்பாஞ்சில் சுற்றுங்கள். இரட்டை ஆன்டெனா என்றால் உறை இல்லாத முனைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில், பேட்டரியையும் கார்பனையும் விட்டுத் தள்ளி. சர்வோ ஸ்க்ரூவுக்கு முன் ரப்பர் கிராமெட், அதற்குள் பித்தளைக் குழல்; குழலின் அகன்ற வாய் மரத்தைப் பார்த்து இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் ஒயர் இணைகிற இடமெல்லாம் கிளிப் போடுங்கள், இல்லாவிட்டால் நூலால் கட்டுங்கள்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் வீடு என்றால் கூடுதலாக ஒரு வேலை. உப்புக் காற்றில் சுவிட்சும் கனெக்டரும் சீக்கிரம் களிம்பேறும். மாதத்துக்கு ஒரு தடவை கழற்றி ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ஒயரைச் சீவினால் செம்பு கருத்திருக்கிறதா, சாலிடர் ஒட்டாது. புது ஒயர் போட்டுவிடுங்கள்.

டேங்கில் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே பொறி பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, கேப்புக்குள் முழுதாக மாட்டி, உடம்பு என்ஜினைத் தொடும்படி வைத்து ப்ரொப்பெல்லரைச் சுற்றுங்கள். பிளக் இல்லாத வெறும் கேப்போடு சுற்றினால் மாட்யூல் போய்விடும். ட்யூபும் டேங்க் ரப்பரும் பெட்ரோல் தாங்குகிற ரகமாக இருக்க வேண்டும், சிலிகான் ட்யூப் ஊறிப் பெருத்துவிடும்.

ரேடியோ எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கிற ரேஞ்ச் டெஸ்ட்டை மொட்டை மாடியில் செய்யாதீர்கள். சுற்றிலும் வீட்டுக்கு வீடு வைஃபை, அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில். 16 அங்குல ப்ரொப்பெல்லர் சுற்றுகிற இடமும் அது இல்லை. திறந்த வெளிக்குப் போங்கள். நம் பக்கம் துறைமுகமும் அனல் மின் நிலையமும் இருப்பதால், போகிற இடத்தை, எங்கே பறக்கவிடலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் முதலில் பார்த்துவிடுங்கள். வாலைக் கட்டி, ஓர் ஆளைப் பிடிக்கச் சொல்லுங்கள். டிரான்ஸ்மிட்டரை, சக்தியைக் குறைத்து அனுப்புகிற ரேஞ்ச் செக் மோடில் வைத்து முப்பது தப்படி நடங்கள், முதலில் என்ஜின் அணைந்த நிலையில். அப்புறம் என்ஜின் ஓடும்போது அதே தூரம், ஐடிலில், பாதியில், முழு த்ராட்டிலில். அணைந்தபோது சரியாக இருந்து ஓடும்போது சர்வோ துடித்தால் குற்றவாளி இக்னிஷன்தான். கேப்பிலிருந்து தேட ஆரம்பியுங்கள். ஓடும்போதும் சுத்தமாக இருந்தால், பிடித்திருப்பவரை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, த்ராட்டிலை ஐடிலுக்குக் கொண்டுவந்து டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். சிக்னல் அறுந்ததும் ரிசீவர் தானாகப் போகிற ஃபெயில்சேஃப் நிலையில் கில் சுவிட்ச் வேலை செய்து என்ஜின் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அன்றைக்குப் பறக்க வேண்டாம்.