நம்மைக் கேட்காமல் எழுதப்பட்ட நடுவர் தீர்ப்பை எதிர்க்கும் முறை

வள்ளியூரில் சொந்தமாக லாரி வைத்து ஓட்டும் ஒருவருக்கு ஒரு நாள் சென்னையிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு கட்டு வருகிறது. பிரித்தால், வாகனக் கடன் பாக்கிக்காக, கடன் ஒப்பந்தப்படி நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர் ஒருவர் விசாரணை நடத்தித் தீர்ப்பும் எழுதி முடித்திருக்கிறார். நோட்டீஸ் எதுவும் பார்த்த நினைவு அவருக்கு இல்லை. பேச்சுவழக்கில் 'ஆர்பிட்ரேஷன் அவார்டு' என்கிற இத்தகைய தீர்ப்பு கைக்கு வந்தால், அதைக் கொண்டுவந்த தபால் உறையை முதலில் பத்திரப்படுத்த வேண்டும்.

காரணம், நடுவர் கையெழுத்திட்ட பிரதி நம் கைக்கு வந்த நாளை வைத்துத்தான் கெடு கணக்கிடப்படுகிறது. 1996 ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 34 ஆவது பிரிவு, தீர்ப்பை ரத்துசெய்யக் கோரும் மனுவுக்கு மூன்று மாதம் தருகிறது; தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள், அதற்குமேல் ஒரு நாளும் இல்லை. ஜனவரி 10 அன்று பிரதி கிடைத்தவருக்கு ஏப்ரல் 10 வரை உரிமையாகவும், மே 10 வரை நீதிமன்றத்தின் தயவாகவும் காலம் உண்டு. மே மாதக் கோடை விடுமுறைதான் இங்கே பலரைக் கவிழ்க்கிறது: மூன்று மாதக் கெடு விடுமுறை நாளில் முடிந்தால், நீதிமன்றம் திறக்கும் நாளில் மனுவைத் தாக்கல் செய்யலாம், கூடுதல் 30 நாளுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று 2012 இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்து ஒப்பந்தத்தை எடுத்து, விசாரணை அமர்விடம், அதாவது நடுவர் விசாரணைக்குரிய இடமாகக் குறித்திருக்கும் ஊர், எது என்று பார்க்க வேண்டும். திருநெல்வேலி என்றிருந்தால் பாளையங்கோட்டையிலுள்ள மாவட்ட நீதிமன்றம் போதும். சென்னை என்று அச்சிட்டிருந்தால், கடன் வாங்கியது வள்ளியூரிலேயே ஆனாலும், சென்னை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

மனுவில் வட்டிக் கணக்கு தவறு, சாட்சியத்தை நடுவர் சரியாக எடைபோடவில்லை என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவதால் பயன் குறைவு. 34 ஆவது பிரிவு மேல்முறையீடு அன்று. நடுவர் நியமனம் பற்றியோ விசாரணை பற்றியோ முறையான அறிவிப்பு வரவில்லை, எதிர்த்தரப்பு கொடுத்த ஆவணத்தின் நகல் நமக்குத் தரப்படவில்லை, நம் வாதத்தைச் சொல்ல வாய்ப்பு அளிக்கப்படவில்லை என்பவை போன்ற குறைகளே இங்கே எடுபடும். பல முறை வாய்தா வாங்கிவிட்டு, கடைசி வாய்தா மறுக்கப்பட்டதை அநீதி என்பது பெரும்பாலும் எடுபடாது.

2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குறைகளை நடுவரின் விசாரணைப் பதிவேட்டைக் கொண்டே நிறுவ வேண்டும். ஆகவே வழக்கறிஞர் மூலம் அதன் நகலைப் பெற்று, திரும்பிய உறைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 'முகவரியில் இல்லை' என்று தபால்காரர் எழுதிய உறையில் இருப்பது கடன் விண்ணப்பத்தில் கொடுத்த பழைய முகவரியா, பின்னர் நாம் எழுதித் தெரிவித்த புதிய முகவரியா என்பதில் வழக்கே தங்கியிருக்கலாம். தெரிவிக்காமல் வீடு மாறியவருக்கு நிலைமை கடினம். நியாயமாக விசாரித்தும் அவர் முகவரி கிடைக்காதபோது, கடைசியாக அறியப்பட்ட முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினாலே அறிவிப்பு சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும்.

நடுவரை யார் நியமித்தது என்பதையும் பார்க்க வேண்டும். வழக்கின் முடிவில் அக்கறையுள்ள ஒரு தரப்பு தனி நடுவரைத் தானாக நியமிக்க முடியாது என்று 2019 இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. விசாரணையில் கலந்துகொண்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டால் மற்றக் குறைகளைப் பின்னர் எழுப்பும் உரிமை போய்விடலாம்; ஆனால் இப்படி ஒருதலையாக நியமிக்கப்பட்டவரைப் போல, சட்டமே தகுதியற்றவர் என்று சொல்லும் நடுவரை ஏற்க, தகராறு எழுந்த பின் எழுத்துமூலமான வெளிப்படையான சம்மதம் வேண்டும்.

மனுவை எதிர்த்தரப்புக்கு முன்னறிவிப்புக் கொடுத்துத் தாக்கல் செய்வதே முறை. 2015 திருத்தத்திற்குப் பின், மனு போட்டதாலேயே தீர்ப்பின் நிறைவேற்றம் நின்றுவிடாது. 36 ஆவது பிரிவின்கீழ் தனியாகத் தடை கேட்க வேண்டும், அதற்கு ஒரு தொகையைக் கட்டும்படி நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். வென்றாலும் கடன் அழிவதில்லை: கடன் தந்த நிறுவனம் புதிதாக நடுவர் விசாரணையைத் தொடங்கலாம், இடையில் கழிந்த காலம் அதன் காலவரம்பில் சேராது.