'போராடுங்க சாப்' என்று சொல்லாதீர்கள்

எங்கள் பழைய ராணுவக் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் இப்போதெல்லாம் பேரன் பேத்தி படங்களைவிட ஆஸ்பத்திரிச் செய்திகள்தான் அதிகம். 1980-களில் வெலிங்டனில் ஒன்றாகப் பயிற்சி எடுத்த எல்லோரும் அறுபதைத் தாண்டிவிட்டோம். சமீப வருடங்களில் மூன்று பேரை அவர்களுடைய கடைசி வாரங்களில் போய்ப் பார்த்தேன். ஒருவர் ஹாஸ்பைஸில், அதாவது கடைசிக்காலப் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார், மற்ற இருவர் வீட்டுக் கட்டிலில். மூன்று இடத்திலும் ஏதாவது ஒன்றைச் சொதப்பிவிட்டுத்தான் வந்தேன். கூட வந்தவர்கள் சொதப்பியதையும் பார்த்தேன்.

ஹாஸ்பைஸ் என்றதும் நம்மாட்கள் வாயில் வருவது 'டாக்டர் கைவிட்டுட்டாராம்' என்பதுதான். கோளாறு அங்கேயே ஆரம்பிக்கிறது. நோயை விரட்டும் மருத்துவம்தான் அங்கே நிற்கிறது. வலி, மூச்சுத் திணறல், வாந்தி, தூக்கமின்மை, பயம் இவற்றுக்கான மருத்துவம் நிற்பதில்லை. 1967-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய ஹாஸ்பைஸிலிருந்து இன்றுவரை அடிப்படை அதுதான். மும்பையில் சாந்தி அவேத்னா ஹாஸ்பைஸ் 1986-இலேயே வந்துவிட்டது. இந்த மருத்துவத்துக்குத் தனிக் கட்டடம்தான் வேண்டும் என்பதும் இல்லை. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கு நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். ஆக, நீங்கள் பார்க்கப் போவது உயிரோடு இருக்கும் மனிதரை. துக்கம் விசாரிக்கும் முகத்தோடு போகாதீர்கள்.

இன்னொரு தவறு, 'அடுத்த ஞாயிறு எல்லாரும் சேர்ந்து ஒரு வேன் எடுத்துப் போவோம்' என்பது. வேன் அமைவதற்குள் ஆள் போய்விடுவார், அல்லது பேச்சு போய்விடும். சேர்ந்து போனாலும் சிக்கல்தான். எங்கள் சுபேதாரைப் பார்க்கப் பதினோரு பேர் போனோம். பொன்னாடை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ என்று ரிட்டயர்மென்ட் பார்ட்டி மாதிரியே நடந்தது. போட்டோவுக்காக அவரைத் தலையணை வைத்து நிமிர்த்தினோம். அதில் அவருக்கு எவ்வளவு வலித்தது என்பதை அவர் மகள் பிறகு சொன்னாள். அந்தப் போட்டோ குழுவில் ஏறிய அரை மணி நேரத்தில், செய்தியைச் சரியாகப் படிக்காத ஒருவர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டுவிட்டார். சாப் (சுபேதாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதே குழுவில்தான் இருந்தார், போன் தலைமாட்டில்தான் கிடந்தது. மகள் பார்த்துவிட்டு அவசரமாக வாங்கி வைத்துக்கொண்டாள். அவர் பார்த்தாரா இல்லையா என்று யாருக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஒருவராக, மிஞ்சிப்போனால் இருவராகப் போங்கள். போகும்முன் போன் செய்து நேரம் கேளுங்கள். வலிக்கான வாய்வழி மார்ஃபின் வழக்கமாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுப்பார்கள். அடுத்த டோஸ் நெருங்கும்போது போனால் அவர் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு நமக்காகச் சிரிப்பார். அந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டாம். 'மார்ஃபினா, அது பழக்கமாயிடுமே' என்று கிளப்பிவிடும் நண்பர்களும் உண்டு. இந்த நிலையில் இருப்பவருக்கு அந்தப் பேச்சு வெறும் துன்பம். மருந்து தொடங்கிய ஓரிரு நாள் தூக்கமாக இருப்பார், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இன்னொன்றையும் போனிலேயே கேட்டுவிடுங்கள்: அவருக்கு விஷயம் எவ்வளவு தெரியும்? நம் வீடுகளில் நோயாளியைத் தவிர எல்லோருக்கும் நோயின் பெயர் தெரிந்திருக்கும். வீட்டார் மறைத்திருந்தால் நாம் போய் உடைக்க வேண்டியதில்லை. அவராகவே 'எத்தனை நாள் இருப்பேன்டா?' என்று கேட்டால் பொய்யும் வேண்டாம். 'உங்களுக்கு என்ன தோணுது சாப்?' என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரிந்திருப்பது நாம் நினைத்ததைவிட அதிகமாக இருக்கும்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். 'பட்டாளத்துக்காரர் நீங்க, இதையும் ஜெயிச்சிடுவீங்க. போராடுங்க சாப்.' சுபேதாரிடம் இதைச் சொன்னவன் நான்தான். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ நான் போயிட்டா தோத்துட்டேன்னு சொல்லுவியாடா?" என்று கேட்டார். பதில் வரவில்லை எனக்கு. மற்றவர்களிடம் இது ஒரு ஆறுதல் வார்த்தையாகப் போய்விடும். முப்பது வருஷம் பின்வாங்கக் கூடாது என்று பழகிய ஆளிடம் அது ஆர்டர் மாதிரி இறங்குகிறது. வலிக்கிறது என்று சொல்லக்கூட அதற்கப்புறம் யோசிப்பார். சென்ட்ரி டியூட்டி முடிந்து அடுத்த ஆள் வந்து மாற்றும்போது, 'ஏன் இன்னும் ரெண்டு மணி நேரம் நிக்கல?' என்று யாரும் கேட்டதில்லையே. அவர்கள் எதிர்பார்ப்பது ஹேண்டிங் ஓவர் மாதிரி ஒன்றைத்தான். யாரிடம் எதை ஒப்படைப்பது, பொண்டாட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள், 1991-இல் வாங்கிய கடனுக்கு யாரிடம் நன்றி சொல்வது, இப்படி. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் செய்ததிலேயே பெரிய தவறு இரண்டாமவரிடம். என் பேட்ச், மாப்ளே என்றுதான் கூப்பிடுவோம். 1987-இல் அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவன். 1990 மார்ச்சில் படை திரும்பும்போது நம் பக்கம் இறந்தவர்கள் 1,100-க்கும் மேல். அந்தக் கணக்கை எல்லோரும் பேசுவோம். இவனுக்குள் இருந்தது வேறு கணக்கு. மற்ற ரெஜிமென்ட்காரர்களுக்குப் புரியாத கூக்குரல் இவனுக்கு மட்டும் வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது, அது தமிழ் என்பதால். கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம், "அந்த வீட்டுல ஒரு அம்மா என்னைப் பார்த்து, 'தம்பி, நீயும் தமிழா'ன்னு கேட்டுச்சு மாப்ளே…" என்று ஆரம்பித்தான். அவனைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று நினைத்து, "விடு மாப்ளே, ஆர்டர் வந்துச்சு, செஞ்சோம், அவ்வளவுதான்" என்றேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதன் பிறகு கிரிக்கெட், மழை, கேன்டீன் கோட்டா பற்றிப் பேசினான். அந்த அம்மாவைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்து என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பழைய சண்டைகளை நாமாகக் கிளறக் கூடாது. ஆனால் அவர் எடுத்தால் மூடவும் கூடாது. நியாயம் சொல்ல வேண்டாம், மன்னிப்பும் வழங்க வேண்டாம். 'அப்புறம்?' என்று கேட்டால் போதும். அந்த ஒரு வார்த்தை எனக்கு அன்று கிடைக்கவில்லை.

தூங்குகிறவரைத் தோளைத் தொட்டு எழுப்பாதீர்கள். கால்மாட்டில் நின்று பெயரையோ ரேங்கையோ சொல்லிக் கூப்பிடுங்கள். கடைசி நாட்களில் சிலருக்குக் குழப்பம் வரும், நடுராத்திரியில் காவல் போஸ்டில் நிற்பதாக நினைத்துக் கத்துவார்கள். 'இது ஆஸ்பத்திரி சாப்' என்று வாதாடுவதில் பலனில்லை. 'நான் முழிச்சிருக்கேன், நீங்க படுங்க' என்றால் அடங்குவார். அப்படியே நர்ஸிடமும் சொல்லிவிடுங்கள். சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம்.

ரம் பற்றிச் சொல்லாவிட்டால் கம்பெனிக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். பாட்டிலை லுங்கியில் சுருட்டி எடுத்துப்போவது வீரம் இல்லை. மார்ஃபினோடு சேர்ந்தால் மயக்கம் கூடும், விழுங்கச் சிரமப்படுபவருக்குப் புரையேறும். நர்ஸைக் கேளுங்கள். எங்கள் சுபேதாருக்குக் கேட்டோம். வாயை ஈரப்படுத்தும் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு உதட்டில் வைக்க விட்டார்கள். "தண்ணி ஜாஸ்தி" என்றார். பிரியாணியையும் இதே கணக்கில் வையுங்கள். 'ரெண்டு வாயாவது சாப்பிடுங்க' என்று ஊட்டுவது நம் திருப்திக்குத்தான்.

சல்யூட் வேண்டாம். தொப்பி இல்லாமல் சல்யூட் இல்லை என்பது நமக்கே தெரியும், பதிலுக்குக் கையைத் தூக்க அவர் படும் பாடும் பார்க்கச் சகிக்காது. சாவ்தானில் (விறைப்பாக நின்று) ஒரு 'ஜெய்ஹிந்த் சாப்', அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள்.

பென்ஷன் காகிதங்களைக் கட்டிலருகே பிரிக்காதீர்கள், கேட்காமலும் விட்டுவிடாதீர்கள். மனைவியையோ மகனையோ வெளியே அழைத்து பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) எங்கே இருக்கிறது, டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் ஆதாரிலும் அந்த அம்மாவின் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் 'லட்சுமி', இன்னொன்றில் 'இலக்குமி அம்மாள்' என்று இருந்தால் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் இழுக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அந்த அம்மா தனியாக அலைவதைவிட, விவரம் தெரிந்த நம்மில் ஒருவர் கூடப் போவது மேல்.

கிளம்பும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். 'போறேன்' என்று சொல்லத் தமிழ் நம்மை விடாது. 'வர்றேன்' என்றுதான் வரும். சுபேதாரிடம் வழக்கம்போல, "வர்றேன் சாப்" என்றேன்.

"எப்போ?"

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது மாட்டிக்கொண்டது. "புதன்கிழமை" என்றேன்.

புதன்கிழமை போனேன். தூங்கிக்கொண்டிருந்தார், முதல் நாளிலிருந்தே அப்படித்தான் என்றாள் மகள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கும் முன் காதருகே குனிந்து, "புதன்கிழமை சாப், வந்துட்டேன்" என்றேன்.